ஐந்துக்கும் ஐம்பதுக்கும் ஒரே பானை

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பர் நம் பெரியோர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பவர்களும் அவர்களே. இவ்விரு பழமொழிகளையும் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போதே நாம் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். உணவுப் பழக்கத்திற்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போர் சிலரே. இன்றைய மருத்துவ அறிவின் துணைகொண்டு ஆராய்ந்தால், முதற் பழமொழி நாம் எண்ணியதைக் காட்டிலும் ஆழமான உண்மை என்பதும், இரண்டாவது பழமொழி முழு உண்மையன்று என்பதும் புலனாகும்.

நடுத்தர வயதை எட்டிய குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது நாற்பத்தாறு. அலுவலகத்தில் ஆண்டுக்கொருமுறை நடைபெறும் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரியவருகின்றது. வீடே கலங்குகின்றது. மறுநாள் முதல் சமையலறையில் ஒரு மாற்றம். அவருக்கு மட்டும் சர்க்கரையில்லாக் காப்பி. இரவில் அவருக்கு மட்டும் மூன்று சப்பாத்தி. மற்றவர்களுக்கோ வழக்கம்போல் குவித்துப் பரிமாறிய சோறு. மாலையில் பஜ்ஜியும் இனிப்புக் காப்பியும். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொட்டலம். "அப்பாவுக்குத்தானே சர்க்கரை? நீ வளரும் பிள்ளை, நன்றாகச் சாப்பிடு" என்று அன்போடு அவர்களுக்கு இன்னொரு கரண்டி சோறு விழுகின்றது.

நம்மில் பலருடைய இல்லங்களில் நடைபெறும் நிகழ்ச்சிதான் இது. இதில் அன்பு உண்டு, அக்கறை உண்டு; கூடவே பெரியதொரு பிழையும் உண்டு. இன்று மகனுக்கு முன் வைக்கப்படும் தட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு முன் வைக்கப்பட்ட அதே தட்டு. தந்தையை நோயாளியாக்கிய தட்டிலேயே மகனையும் மகளையும் உண்ணச் செய்துவிட்டு, நோய் கண்ட பின் அவருக்கு மட்டும் தட்டை மாற்றுகின்றோம். இது தகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி.

நோய் தொடங்கிய நாள் எது?

சர்க்கரை வியாதி இருப்பதாக மருத்துவர் சொன்ன நாளையே நோய் தொடங்கிய நாளாக நாம் கருதுகின்றோம். ஆனால் அது நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாள் மட்டுமே. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 1995-ஆம் ஆண்டு வெளிவந்தது. நோய் கண்டறியப்படும் வேளையிலேயே, இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை நோயாளியின் கணையம் இழந்திருந்தது என்று அது தெரிவித்தது. அந்த இழப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, சரிவு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கவேண்டும் என்று தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் கண்ட நோய் முப்பத்தைந்து வயதிலேயே உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உள்ளே நடப்பது என்ன? நாம் உண்ணும் சோறு, இட்லி, ரொட்டி, சர்க்கரை யாவும் குடலில் செரித்துப் பெரும்பாலும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதை இரத்தத்திலிருந்து தசைகளுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் செலுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலினின் பணி. உழைக்கும் தசைகள் இதனை எரித்துவிடும். ஓரளவைக் கல்லீரலும் தசைகளும் சேமித்து வைக்கும். அச்சேமிப்பு அறைகளும் நிரம்பிய பின் வந்து சேர்வது கொழுப்பாக மாறுகின்றது. தோலுக்கடியில் தேங்கும் கொழுப்பினால் உண்டாகும் தீங்கு குறைவு. வயிற்றின் உட்புறத்திலும் கல்லீரலிலும் தேங்கும் கொழுப்போ இன்சுலினின் கட்டளைக்கு உடலைப் பணியவிடாமல் செய்கின்றது. ஒரு பங்கு இன்சுலின் செய்த வேலைக்கு இரண்டு பங்கு தேவைப்படுகின்றது. கணையமும் முணுமுணுப்பின்றி ஆண்டுக்கணக்கில் இருமடங்கு உழைக்கின்றது. அதுவரை பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். கணையம் களைத்து ஓயும் நாளில்தான் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

இடுப்புக் கச்சை சொல்லும் செய்தி

உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறிய வழியுண்டா? உண்டு. மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைக் கூறுகின்றனர். இடுப்புச் சுற்றளவு நம்மவருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டுவது முதலாவது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறையாதிருப்பது இரண்டாவது. இரத்த அழுத்தம் 130-க்கு 85 என்ற அளவை எட்டுவது மூன்றாவது. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150-ஐ எட்டுவது நான்காவது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்குவது ஐந்தாவது. இவற்றுள் மூன்று சேர்ந்திருந்தால் அதனை "வளர்சிதை மாற்றக் கோளாறு" என்கின்றனர். சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் பெரும்பாலும் இவ்வாசலைத் தாண்டியே உள்ளே நுழைகின்றன.

"நான் ஒல்லியாகத்தானே இருக்கின்றேன்?" என்று கேட்பவர் பலர். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு நம் நாட்டில் சர்வசாதாரணம். அதன் வேர் தொட்டிலுக்கும் முந்தியது என்பதைப் புனே நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வு காட்டிற்று. அவ்வூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. உடற்கொழுப்போ எடை குறைந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்து, உள்ளே கொழுப்பு மிகுந்த இக்குழந்தைதான் வளர்ந்து, நாற்பதில் வயிறு தள்ளிய மனிதராக மருத்துவர் முன் உட்காருகின்றது. சர்க்கரையை எரிக்கவேண்டிய தசை குறைவாக இருப்பதால், மேனாட்டார் தாங்கும் அளவுக்கு மாவுணவை நம் உடல் தாங்குவதில்லை.

தொட்டிலுக்கும் முன்னே

கருவில் இருக்கும்போதும் தவழும் பருவத்திலும் கிடைத்த உணவு, அரை நூற்றாண்டு கழித்தும் உடலில் பேசுமா? வரலாறு இரண்டு பாடங்களை நமக்கு வழங்கியிருக்கின்றது.

முதலாவது பாடம் துயரமானது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45-இல், ஜெர்மானியரின் பிடியிலிருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நிலவிற்று. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கிற்று. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை அவர்களுடைய ஐம்பதாம் வயதையொட்டிப் பரிசோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. 1998-இல் வெளியான முடிவு இது.

இரண்டாவது பாடம் நம்பிக்கையூட்டுவது. போர்க்காலத்தில் பிரிட்டனில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது; 1953 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதும் மக்கள் உண்ட சர்க்கரையின் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. பங்கீட்டுக் காலத்தில் கருவாகிப் பிறந்து தவழ்ந்தவர்களையும், அதற்குச் சற்றே பிற்பட்டுப் பிறந்தவர்களையும், ஏறத்தாழ அறுபதாயிரம் பேரை, ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். முடிவு 2024-இல் வெளிவந்தது. கருவுற்ற நாள் முதல் ஏறத்தாழ ஆயிரம் நாட்கள் சர்க்கரை குறைந்த உணவோடு வளர்ந்தவர்களுக்கு, நடுத்தர வயதிலும் அதற்குப் பின்னும், சர்க்கரை வியாதிக்கான அபாயம் ஏறத்தாழ 35 சதவிகிதமும் இரத்தக் கொதிப்புக்கான அபாயம் 20 சதவிகிதமும் குறைவாக இருந்தன. நோய் வந்தவர்களுக்கும் சர்க்கரை வியாதி நான்கு ஆண்டுகளும் இரத்தக் கொதிப்பு இரண்டு ஆண்டுகளும் தாமதித்தே வந்தன. கிடைத்த பாதுகாப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருவிலிருந்த காலத்திலேயே கிடைத்துவிட்டது. குழந்தை திட உணவு உண்ணத் தொடங்கிய ஆறாம் மாதத்திற்குப் பின் அது மேலும் வலுப்பட்டது.

இதை வாசிக்கும் இளந்தாய்மார் சற்றுச் சிந்திக்கவேண்டும். பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை, பருப்புச் சோற்றுக்குப் பதில் சர்க்கரையில் தோய்த்த ரொட்டி, அழுகையை நிறுத்த மிட்டாய் என்று நாம் குழந்தைக்குச் செய்யும் சலுகைகள், அதனுடைய ஐம்பதாம் வயதின் கணக்கில் பற்று எழுதப்படுகின்றன. தொட்டிற் பழக்கம் பற்றிய பழமொழி இவ்வளவு கண்டிப்பாக உண்மையாகும் என்று அதைச் சொன்னவர்களே எண்ணியிருக்கமாட்டார்கள்.

நம் தட்டில் இருப்பது என்ன?

தமிழர் சோறுண்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. "நம் பாட்டனார் மூன்று வேளையும் சோறுண்டு எண்பது வயது வாழ்ந்தாரே?" என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்விதான். பாட்டனார் உண்டது பெரும்பாலும் உரலில் குத்திய அரிசி. அதில் தவிடு ஒட்டியிருந்தது. பல நாட்களில் சோளமும் கம்பும் கேழ்வரகும் அரிசியின் இடத்தில் இருந்தன. உண்டதை எரிக்க ஏரும் ஏற்றமும் இருந்தன. இயந்திர ஆலைகள் வந்தபின் அரிசி வெண்மையாயிற்று. வாழ்க்கை உட்கார்ந்த வாழ்க்கையாயிற்று. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

தவிட்டை இழந்த அரிசி தீங்கு விளைவிக்கும் என்பதை மருத்துவம் முதலில் உணர்ந்தது சர்க்கரை வியாதியினால் அன்று. "பெரிபெரி" என்ற வாத நோயினால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில், தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர் அந்நோய்க்கு ஆளாயினர். புழுங்கலரிசி உண்ட நம் தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதே காரணம். அந்நோயை ஆராய்வதற்காகவே ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. பெரிபெரி பெரும்பாலும் மறைந்துவிட்டது, வெண்ணிற அரிசி பெருகிவிட்டது.

சென்னை நகரில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, மக்கள் உண்ணும் கலோரிகளில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்தே, கிடைப்பதைக் காட்டிற்று. இருபத்தொரு நாடுகளில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்த மற்றோர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தெற்காசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமுக்குக் குறையாமல் சோறுண்போருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிடச் சர்க்கரை வியாதி வரும் அபாயம் ஏறத்தாழ 60 சதவிகிதம் மிகுதி என்று அது கண்டது. 450 கிராம் சோறு என்பது பெரிய அளவன்று; நம்மில் பலர் ஒரே வேளையில் உண்பது அது.

காப்பிக் கணக்கையும் பார்ப்போம். நாளொன்றுக்கு நான்கு தம்ளர். தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி. ஒரு கரண்டிக்கு ஐந்து கிராம் என்று கொண்டால் நாளுக்கு 40 கிராம், மாதத்திற்கு 1,200 கிராம், ஆண்டுக்குப் பதினான்கு கிலோவுக்கு மேல். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய யோசனை. இனிப்புப் பண்டம் எதையும் தொடாதவர்கூட, காப்பியினால் மட்டுமே அவ்வரம்பைத் தாண்டிவிடுகின்றார்.

விளைவு கண்கூடு. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளோர் பத்துக் கோடிக்கு மேல், அதன் வாசலில் நிற்போர் பதின்மூன்றரைக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில் வயது வந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

சப்பாத்தி மட்டும் போதுமா?

"சோற்றை விட்டுவிட்டேன், இரவில் சப்பாத்திதான்" என்று பெருமிதத்தோடு கூறுவோர் பலர். சற்றுக் கணக்கிடுவோம். நடுத்தர அளவுள்ள ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ நாற்பது கிராம் மாவு செல்கின்றது. அதில் மாவுச்சத்து இருபத்தேழு, இருபத்தெட்டு கிராம். நூறு கிராம் சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே மூன்று சப்பாத்தி உண்பவர், மாவுச்சத்தைப் பொறுத்தவரை முந்நூறு கிராம் சோறு உண்டவராகின்றார். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்று மிகுதி என்பது மெய். ஆனால் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலாவும் சேர்ந்துவிட்டால் அந்த ஆதாயமும் கரைந்துவிடும்.

2025-இல் மேற்குறித்த ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மற்றோர் உண்மையை வெளியிட்டது. இந்தியர் பெறும் கலோரிகளில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகின்றது. அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானிய மாவை மாற்றிக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால், நோயின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அவ்விடத்தில் புரதத்தை வைத்தால் குறைகின்றது. எனவே தானியத்தின் பெயரை மாற்றுவதைக் காட்டிலும், தட்டில் தானியம் பிடித்துள்ள இடத்தைச் சுருக்கி, பருப்புக்கும் காய்க்கும் இடம் விடுவதே முக்கியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும், கலோரிகளில் தானியங்களின் பங்கு 45 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்கின்றது.

ஐம்பதிலும் வளையும்

இனி இரண்டாவது பழமொழிக்கு வருவோம். நாற்பத்தைந்தும் ஐம்பதும் ஆனவர்கள், "இனி மாறி என்ன பயன்? இத்தனை ஆண்டு உண்டது உண்டதுதானே?" என்று கைவிரிக்கின்றனர். அவர்கள் மூன்று சான்றுகளை அறிந்துகொள்ளவேண்டும்.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல், சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 577 பேரை ஆய்வுக்கு எடுத்தனர். சிலருக்கு உணவு மாற்றம், சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். மற்றவர்களுக்கு வழக்கமான வாழ்க்கை. ஆறு ஆண்டுகள் இது நடைபெற்றது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாறியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதித்து வந்திருந்தது. இதயநோயும் பக்கவாதமும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தன. ஆயுளும் சராசரி ஒன்றரை ஆண்டளவு நீண்டிருந்தது. ஆறு ஆண்டு விரதம் முப்பது ஆண்டு பலன் தந்தது.

நம் சென்னையிலேயே 2006-இல் வெளியான ஆய்வொன்று உண்டு. அதே நிலையிலிருந்த 531 பேர். சராசரி வயது நாற்பத்தாறு. பெரிய விரதம் எதுவும் அவர்களிடம் கேட்கப்படவில்லை. சர்க்கரையைத் தவிர்த்தல், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தல், நார்ச்சத்துள்ளவற்றைக் கூட்டுதல், நாளுக்கு அரைமணி நேரம் விரைந்து நடத்தல். அவ்வளவே. மூன்று ஆண்டுகளில், எந்த மாற்றமும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். மாறியவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களிலும் எண்ணிக்கை ஏறத்தாழ அதுவே. நம் உணவு, நம் வெயில், நம் தெரு ஆகியவற்றுக்கு நடுவே கிடைத்த முடிவு இது.

மூன்றாவது சான்று, நோய் வந்துவிட்டவர்களுக்கு. பிரிட்டனில் நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு மேற்படாத உடற்பருமன் உள்ளோரை மருத்துவக் கண்காணிப்பில் எடை குறையச் செய்தபோது, ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாத்திரையின்றியே நோயின் எல்லைக்குக் கீழே சர்க்கரையை வைத்திருந்தனர். 2017-இல் வெளியான செய்தி இது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு கரைந்ததும் கணையம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது.

எனவே ஐம்பதிலும் வளையும். ஐந்தில் வளைப்பது எளிது, ஐம்பதில் சற்றுச் சிரமம் உண்டு, வேறுபாடு அவ்வளவே.

வீட்டில் செய்யவேண்டுவன

ஒரு வீட்டில் இருவகைச் சமையல் நீண்ட நாள் நிலைப்பதில்லை. சமைக்கும் தாய் களைத்துப்போகின்றாள். தனித் தட்டில் உண்பவர், தாம் தண்டிக்கப்பட்டவர் போல் உணருகின்றார். சில மாதங்களில் பழைய தட்டுக்கே திரும்புகின்றார். பெற்றோருள் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் பிள்ளைகளுக்கும் அபாயம் கூடுதல் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே தந்தைக்கு நலம் தரும் உணவையே வீடு முழுவதும் உண்பதுதான் நிலைக்கும் வழி. எல்லாருக்கும் ஒரே பானை; வளரும் பிள்ளைக்கும் வயலில் உழைப்பவருக்கும் அளவு மட்டும் கூடலாம்.

பரிமாறும் முறையை முதலில் மாற்றுவோம். சோற்றைக் குவித்துவிட்டு ஓரத்தில் காய் வைப்பது நம் வழக்கம். பொரியலும் கூட்டும் கீரையும் தட்டில் பாதியை முதலில் நிரப்பட்டும். கால் பகுதியில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றுள் ஒன்று இருக்கட்டும். எஞ்சிய கால் பகுதி சோற்றுக்கு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை ஏறும் வேகமும் தணிகின்றது. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்றவற்றைக் காயாகக் கருதாமல் சோற்றின் கணக்கில் சேர்ப்பதே முறை.

"இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?" என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி 2011 முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. ஏழையின் தட்டில் சோறு குவிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் பசி தீர்ந்ததும் உண்மை. அரிசிக்கு மிச்சமாகும் பணத்தைப் பருப்பின் பக்கம் திருப்புவதே விவேகம். கொள்ளு, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை இவை நூறு கிராமில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம் தருவன. ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. கடற்கரை ஊர்களில் மத்தியும் நெத்திலியும், கொல்லையில் முருங்கைக்கீரையும் மலிவாகக் கிடைப்பன. மாலையில் பிஸ்கட் பொட்டலத்திற்குச் செலவிடும் காசில் ஒரு குடும்பத்திற்கே சுண்டல் அவித்துவிடலாம்.

இனிப்பை ஒரே நாளில் நிறுத்தவேண்டியதில்லை. இரண்டு கரண்டி ஒன்றரையாகட்டும்; ஒரு மாதத்தில் ஒன்றாகட்டும். நாவும் பழகிவிடும். வெல்லமும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரைதான். பெயரைக் கண்டு மயங்கவேண்டா. விழா நாளில் இனிப்பு உண்பதில் குற்றமில்லை. வார நாள் ஒவ்வொன்றையும் விழா நாளாக்குவதுதான் குற்றம்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். நம் வீடுகளில் கடைசியாக உண்பவள் தாய். காயும் மீனும் மற்றவர் தட்டுக்குப் போய்விட, மிஞ்சிய சோற்றை வீணாக்கலாகாது என்று குழம்பு ஊற்றிப் பிசைந்து அடுப்படியில் உண்டுவிட்டு எழுகின்றாள். அவளுக்கு வேண்டிய புரதம் கிடைப்பதில்லை. வேண்டாத மாவுச்சத்து சேருகின்றது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்டிருந்தவளாயின் அவளுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் அபாயம் மிகப் பெரிது. வீட்டின் உணவைத் திருத்துவதற்கு முதற்படி, தாயையும் உடன் அமர்த்தி அவளுடைய பங்குக் காயையும் முட்டையையும் அவள் தட்டிலேயே வைப்பதாகும்.

உண்டபின் சற்று நடப்பதும் வேண்டும். இரவு உணவை இயன்றவரை முன்னதாக முடித்து, தெருவிலோ முற்றத்திலோ குடும்பமாகப் பதினைந்து நிமிடம் உலாவினால், தசைகள் சர்க்கரையை எரிக்கத் தொடங்கும். முப்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கு நோய் உள்ளவர்கள், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது.

எச்சரிக்கையாகவும் ஒன்று கூறுவோம். மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே பெற்று வருவோர் உணவைத் திடீரென்று பெருமளவு குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். சிறுநீரகம் பழுதடைந்தோருக்குப் புரத அளவும் வேறுபடும். இவர்கள் மருத்துவரைக் கலந்தே எதையும் மாற்றவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது ஒருபோதும் கூடாது.

வீடும் நிலமும் நகையும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நாம் படாத பாடு படுகின்றோம். அவற்றை விட்டுச்செல்ல இயலாதவர்கள்கூட உணவுப் பழக்கம் என்ற சொத்தை விட்டுச்செல்லாமல் போவதில்லை. பிள்ளைகள் அதை நாளுக்கு மூன்று வேளை நம் கையிலிருந்தே பெற்றுக்கொள்கின்றனர். தந்தையின் பரிசோதனைச் சீட்டில் எழுதப்பட்ட எண் அவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அந்தப் பானையிலிருந்து உண்ணும் அனைவருக்கும் காலம் இருக்கும்போதே வந்த கடிதம் அது. அதை வாசித்துவிட்டு அவருடைய தட்டை மட்டும் மாற்றினால், இதே கடிதம் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மகனுடைய பெயருக்கு வரும். இன்றே பானையை மாற்றினால், இருவருமே பிழைப்பர்.